உ முதல் சுபம் வரை

ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரர் கேட்கிற முதல் கேள்வி "தம்பிக்கு எங்கே வேலை?" என்பதுதான். ஜெர்மனி என்று சொன்னதும் மனிதர் நம் பக்கம் நன்றாகத் திரும்பி உட்காருவார். அடுத்தது "என்ன வேலை?" அங்கேதான் எனக்குச் சனி பிடிக்கும். டாக்டர், வக்கீல், பாங்க் மேனேஜர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு அப்பளத்தை நொறுக்குகிற பாக்கியம் எனக்கு இல்லை. நான் செய்கிற வேலையைச் சொல்வதென்றால் இப்படித்தான் சொல்ல வேண்டும்: கம்ப்யூட்டரில் ஒரு படிவம். அதில் பெயர், ஊர் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்தில் ஒருவர் டைப் அடிக்கிறார். அவர் அடித்து முடித்துவிட்டாரா, இல்லை இன்னும் அடிக்கப் போகிறாரா? அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

போன தடவை கேட்டவர் கும்பகோணத்துச் சித்தப்பா. ரசத்தை உறிஞ்சிக்கொண்டே கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஏன்டா, பின்னாடி நின்னு எட்டிப் பார்த்தாத் தெரியாதா?" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. பாயச வாளியோடு வந்த பையனும் நின்று சிரித்துவிட்டு, சிரித்த மும்முரத்தில் என் இலையைத் தாண்டிப் போய்விட்டான்.

நான் குடியிருக்கும் ஊர் வால்டோர்ஃப். ஹைடல்பெர்க்குக்குத் தெற்கே, 15,000 சொச்சம் பேர் வசிக்கிற சின்ன ஊர். இந்த ஊர்க் கசாப்புக்கடைக்காரர் மகனாக 1763-இல் பிறந்த ஜான் ஜேக்கப் ஆஸ்டர் அமெரிக்கா போய் ரோமத் தோல் வியாபாரத்திலும் நிலத்திலும் கோடி கோடியாகச் சம்பாதித்தார். நியூயார்க்கின் வால்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டலின் பேரும், ஆப்பிளையும் செலரியையும் மயோனைஸில் புரட்டித் தருகிற அந்த சாலட்டின் பேரும் இங்கிருந்து போனவைதான். வீட்டில் அந்த சாலட்டை ஒருமுறை செய்து பார்த்தோம். அதற்கு அப்புறம் ஆஸ்டரைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இப்போது ஊருக்குப் பெருமை எஸ்.ஏ.பி. கம்பெனி. 1972-இல் ஐ.பி.எம்.மை விட்டு வெளியே வந்த ஐந்து பேர் தொடங்கியது. 1977-இல் வால்டோர்ஃபுக்கு வந்தது. ஐவரில் ஹோப், பிளாட்னர் இருவர் பேரிலும் தெருவே இருக்கிறது. நான் அங்கே இல்லை. அந்த ஆலமரத்தைச் சுற்றி முளைத்திருக்கிற சில்லறைக் கம்பெனிகளில் ஒன்றில் இருக்கிறேன். என் பேரில் எங்கள் கட்டட லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. அதிலும் ஓர் எழுத்து தப்பு.

சித்தப்பா சிரிக்கட்டும். விஷயத்தைச் சொன்னால் உங்களுக்காவது என் பக்கத்து நியாயம் புரியும். பிரவுசர் ரொம்ப நல்ல பிள்ளை. கட்டத்தில் ஒவ்வொரு எழுத்து விழும்போதும் "இன்புட்" என்று குரல் கொடுக்கும். எண்டரைத் தட்டினாலோ, கட்டத்தை விட்டு வேறு பக்கம் போனாலோ, "சேஞ்ச்" என்று சொல்லும். எஸ்.ஏ.பி. 2013-இல் எல்லோரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்ட ஓப்பன் யு.ஐ.5 தொகுப்பிலும் இதே இரண்டு குரல்தான். எழுத்துக்கு எழுத்து "லைவ்சேஞ்ச்", எல்லாம் ஆனபிறகு "சேஞ்ச்". முதலாவது ரொம்ப அவசரம். இரண்டாவது ரொம்பத் தாமதம். "ஆள் அடித்து முடித்துவிட்டார், ஆனால் இன்னும் கட்டத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறார்" என்று சொல்ல மட்டும் யாரும் இல்லை. எப்படிச் சொல்ல முடியும்? அது கம்ப்யூட்டருக்குள் நடக்கிற காரியம் இல்லை, அடிக்கிறவர் மண்டைக்குள் நடப்பது. அங்கே எட்டிப் பார்க்கச் சித்தப்பாவாலும் முடியாது.

அதனால் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது "டிபௌன்ஸ்" என்கிற உபாயம். தாம்பரத்தில் ஷேர் ஆட்டோக்காரர் செய்வதேதான். ஓர் ஆள் ஏறியதும் "இன்னும் ஒரு ஆள், இன்னும் ஒரு ஆள்" என்று முதலிலிருந்து காத்திருக்க ஆரம்பிப்பார். கொஞ்ச நேரம் யாருமே வராமல் போனால்தான் கியரைப் போடுவார். நாங்களும் ஓர் எழுத்து விழுந்ததும் கடிகாரத்தைப் பூஜ்யத்தில் வைப்போம். அடுத்த எழுத்து விழுந்தால் மறுபடி பூஜ்யம். 300 மில்லிசெகண்டுக்கு எதுவும் விழாவிட்டால் "ஐயா முடித்துவிட்டார்" என்று நாங்களே தீர்மானித்து சர்வருக்கு அனுப்பிவிடுவோம். இந்தப் பேர் எலெக்ட்ரிக் சுவிட்சிலிருந்து வந்தது. சுவிட்சை ஒரு தடவைதான் அழுத்துவீர்கள். உள்ளே உலோகத் தகடுகள் சில மில்லிசெகண்ட் துள்ளித் துள்ளி முட்டிக்கொள்ளும். சர்க்யூட்டுக்கு நீங்கள் பல தடவை அழுத்தியது போலத் தெரியும். துள்ளல் அடங்கட்டும் என்று பொறுத்துக்கொள்வதுதான் டிபௌன்ஸ்.

தகட்டுக்குச் சரி. மனிதனுக்கு ஏன் 300? 250 போடுகிறவர்கள் உண்டு, 500 போடுகிறவர்கள் உண்டு. நான் 300 போட்டேன், ஏனென்றால் எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் 300 போட்டிருந்தார். இதை ஒருநாள் ராத்திரி சாப்பாட்டின்போது பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவள் மாயவரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷ் ஹையரும் தமிழ் ஹையரும் பாஸ் பண்ணினவள். மேலே அஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே வரிசையாக ரெமிங்டன், பக்கத்தில் ரூல் தடியோடு மாஸ்டர் என்று கற்றுக்கொண்ட விரல் அது. இன்றைக்கும் கோபம் வந்தால் சாப்பாட்டு மேஜையில் ஏ-எஸ்-டி-எஃப்-ஜி-எஃப் தட்டுவாள்.

"ஹையருக்கு நிமிஷத்துக்கு 45 வார்த்தை," என்றாள். "வார்த்தைக்கு அஞ்சு தட்டுன்னு கணக்கு. 225 தட்டு ஆச்சா? ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவிலே சுமாரா 267 மில்லிசெகண்ட். சரி, உங்க 300-க்குள்ளே வந்துடும். லோயருக்கு 30 வார்த்தை, 150 தட்டு. நடுவிலே 400 மில்லிசெகண்ட். ஒவ்வொரு எழுத்துக்கும் உங்க ஆட்டோ கெளம்பிப் போயிடும். அப்போ நீங்க எழுதற ப்ரோக்ராம் லோயர்காரங்களுக்கு லாயக்கில்லே."

நான் தோசையைப் பார்த்தேன்.

"நீங்களும் லோயர் எழுதினீங்கல்ல?"

"எழுதினேன்."

"பாஸுன்னு யாரும் சொல்லிக் கேட்டதில்லையே, அதான் கேட்டேன்."

இப்படிப்பட்ட வீட்டில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் தேதி கிழித்த காலண்டர் தாள்களைக் கிளிப்பில் மாட்டி மளிகை லிஸ்ட் எழுதுவது எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல். ஐரோப்பாவின் மென்பொருள் தலைநகரத்தில் குடியிருந்துகொண்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் "து.பருப்பு அரை" என்று எழுதுவதா? ஒரு சனி ஞாயிறு உட்கார்ந்து வீட்டுக்கென்றே ஒரு படிவம் செய்தேன். எல்லோர் போனிலும் திறக்கும். சாமான் பேரை அடித்தால் போதும், சேமி என்று ஒரு பட்டனைக்கூட அழுத்த வேண்டாம். அடித்து முடித்ததும் தானே சேமித்துக்கொள்ளும். அடித்து முடித்தது எப்படித் தெரியும்? அதுதானே நம் தொழில். 300 மில்லிசெகண்ட்.

மகளுக்கு அது பிடித்திருந்தது. மூன்று எழுத்துக்கு மேல் எதையும் அவள் அடிப்பதில்லை. மனைவிக்கு ஹையர் வேகம், ஒரு குறையும் இல்லை. இந்தச் சமயத்தில்தான் மாயவரத்திலிருந்து 90 நாள் விசாவில் அத்தை வந்து சேர்ந்தார்.

அத்தைக்கு டைப் அடிப்பது ஒரு பூஜை. போனை மடியில் வைத்துக்கொள்வார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவார். வலது ஆள்காட்டி விரலை நெற்றிக்கு நேரே உயர்த்தி, தமிழ் விசைப்பலகையில் மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை ஓட்டி, எழுத்தைக் கண்டுபிடித்து, அது ஓடிவிடுமோ என்று பயந்தவர் போலச் சட்டென்று குத்துவார். பிறகு விழுந்ததா என்று பார்ப்பார். விழுந்திருந்தால், "ம், விழுந்துடுத்து" என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தகவல் சொல்வார். அப்புறம்தான் அடுத்த எழுத்து. இந்த இடைவெளியில் என் ஷேர் ஆட்டோ தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போய்த் திரும்பிவிடும். என் மூளையும் அன்றைக்கு வேலை செய்யவில்லை: ஒவ்வொரு சேமிப்பையும் புதுச் சாமான் என்று வரிசையில் சேர்க்கும்படிதான் எழுதி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை சாயந்தரம் சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டியோடு நின்று போனைத் திறந்தேன். முதல் சாமான்: "உ".

உப்பா? உளுந்தா? உருளைக்கிழங்கா? வீட்டுக்குப் போன் செய்து கேட்கலாம். கேட்டால், தானே சேமிக்கிற படிவம் செய்தவருக்கு இது தெரியவில்லையா என்ற பதில் வரும். அதனால் உப்பும் உருளைக்கிழங்கும் எடுத்துக்கொண்டேன். உளுந்துக்கு ஆசியக் கடைக்குக் காரை எடுத்துக்கொண்டு போய் வந்தேன். அடுத்த வரி "கத்தரி". அதற்கடுத்தது "கத்தரிக்காய்". கறிவேப்பிலை நறுக்க அத்தை தனியாகக் கத்தரி கேட்கிறார் போலிருக்கிறது என்று ஸ்டேஷனரி வரிசையில் நல்லதாக ஒன்று பார்த்து எடுத்தேன். அப்புறம் "பரு". இதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். ஆனால் மகளுக்குப் பதினைந்து வயது, அந்த வயசுக்கு உரிய விஷயம், பாட்டியிடம் சொல்லியிருப்பாள், பாட்டி நாசூக்காக லிஸ்டில் போட்டிருக்கிறார் என்று நினைத்து, மருந்துக்கடையில் பரு மறைகிற களிம்பு ஒன்றும் வாங்கினேன். அதற்குக் கீழே "பருப்பு" என்று இருந்தது. அது வேறு விஷயம் என்று நினைத்தேன்.

வீட்டில் பையைப் பிரித்தபோது நடந்ததை விவரிக்க வேண்டாம். களிம்பைப் பார்த்த மகள் கதவைச் சாத்திக்கொண்டவள், என்னோடு பேசத் திங்கட்கிழமை ஆயிற்று. "உ" என்னவென்று கேட்டேன். அத்தை என்னை இரக்கத்தோடு பார்த்தார். "பிள்ளையார் சுழி போடாம எப்படி மாப்பிள்ளை லிஸ்ட் எழுதறது?"

இதில் போன் வேறு தன் பங்குக்கு உதவி செய்கிறது. கம்ப்யூட்டர் விசைப்பலகை என்றால் எந்தக் கீ அழுத்தப்பட்டது என்று பிரவுசர் சொல்லும். ஆண்ட்ராய்டு போனில் சொல்லையெல்லாம் விசைப்பலகை ஆப் நடுவில் உட்கார்ந்து தைத்துக் கொடுப்பதால், எந்தக் கீயை அழுத்தினாலும் பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்தான் வரும். க அடித்தாலும் 229, கால் அடித்தாலும் 229. வார்த்தை தைத்து முடியும்வரை "கம்போசிஷன்" நடக்கிறது என்று ஓர் அறிவிப்பு உண்டு. அது சில விசைப்பலகையில் ஒழுங்காக வரும், சிலதில் நினைத்தபோது வரும். தமிழில் ஓர் எழுத்தே இரண்டு தட்டில் பிறக்கும். க விழுந்து பிறகு துணைக்கால் சேர்ந்தால்தான் கா. பாதி பிறந்த எழுத்தைப் பார்த்து முழுச் சொல் வந்துவிட்டது என்று சர்வருக்கு ஓடுகிற பிழைப்பு என்னுடையது.

இடைவெளியை மூன்று செகண்டாக்கினேன். அத்தைக்கு அதுவும் போதாது என்றாலும் "கத்தரி", "பரு" எல்லாம் குறைந்தன. ஆனால் இந்தப் பக்கம் தூக்கினால் அந்தப் பக்கம் இறங்கும். அடுத்த சனிக்கிழமை மனைவி கடைசியாக "பால் 2" என்று ஒரே மூச்சில் அடித்துவிட்டு, போனைப் பட்டென்று மூடிக் கைப்பையில் போட்டாள். படிவம் மூன்று செகண்ட் காத்திருப்பதற்குள் அதன் கண்ணை மூடிவிட்டார்கள். பால் லிஸ்டில் ஏறவில்லை.

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பண்டிகையும் ஞாயிறும் ஓய்வு நாள் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்திருக்கிற தேசம். ஆகவே அன்று காலை எங்கள் வீட்டில் கறுப்புக் காப்பி. அத்தை டம்ளருக்குள் எட்டிப் பார்த்து, "துக்க வீட்டுக் காப்பி மாதிரி இருக்கு" என்றார். நான் பெட்ரோல் பங்க் வரை நடந்துபோய், பெட்ரோல் விலைக்குப் பால் வாங்கி வந்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மேஜையில் ஏ-எஸ்-டி-எஃப்-ஜி-எஃப் மட்டும் கேட்டது.

கட்டத்தை விட்டு வெளியேறினால் சேமிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதையும் சேர்த்தேன். அத்தை எந்தக் கட்டத்தை விட்டும் வெளியேறுவதில்லை. பாதியில் நிறுத்திப் போனை அப்படியே தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, மத்தியானம் தூங்கி எழுந்து, விட்ட எழுத்திலிருந்து தொடர்வார். "முடிக்காம எப்படி மாப்பிள்ளை மூடறது?"

அந்த வாரம் தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெரியவர் நின்றார். (ஞாயிற்றுக்கிழமை வெளியே துணி காயப்போட்டால் முகம் சுளிக்கிற ஊர்க்காரர்கள் இன்னும் உண்டு, ஆனால் அன்று வியாழக்கிழமை.) அவர் ஓய்வு பெற்ற ப்ரோக்ராமர், மெயின்ஃப்ரேம் காலத்து ஆள். அவரோடு பேசுவதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். முடித்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் பேசத் தொடங்குவேன். அவர் முடித்திருக்கவில்லை. பதறாமல் நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, தன் வாக்கியத்தை முதலிலிருந்து தொடங்குவார். நான் மறுபடி நடுவில் புகுவேன். ஒருமுறை, "உங்கள் குப்பைத் தொட்டி" என்று சொல்லி நிறுத்தினார். நல்லவேளை சொன்னீர்கள், ரொம்ப நன்றி, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். "காற்றில் விழுந்து தெருவில் உருண்டுகொண்டிருக்கிறது" என்கிற மீதியைச் சாயந்தரம் மகள் வந்து சொன்னாள்.

இதில் என் தப்பு மட்டும் இல்லை, விஞ்ஞானமும் இருக்கிறது. ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததற்கும் அடுத்தவர் பதில் தொடங்குவதற்கும் எவ்வளவு நேரம் என்று நெதர்லாந்தில் மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பத்து மொழிகளில் அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். சராசரி சுமார் 200 மில்லிசெகண்ட். ஜப்பானியருக்குச் சராசரி 7 மில்லிசெகண்ட். அவர் முடிக்கும்போதே இவர் ஆரம்பித்துவிடுகிறார். டேனிஷ்காரருக்கு 469. பத்தில் ஜெர்மனும் இல்லை, தமிழும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்து அளந்திருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே ஓர் எண் கிடைத்திருக்கும். மனைவியும் அத்தையும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் கேட்டு, ஒரே நேரத்தில் புரிந்தும் கொள்வார்கள். மௌனத்தை அளந்துதான் "முடிந்தது" என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அங்கே அளக்க மௌனமே கிடையாது.

அன்று பெரியவரிடம், ஆள் அடித்து முடித்தது எப்படித் தெரியும் என்ற கேள்வியைக் கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். வெகு நேரம் ஆயிற்று. என் கையில் இருந்த ஈரத் துண்டு பாதி காய்ந்திருக்கும்.

"எண்டர்," என்றார்.

மீதி வரும் என்று காத்திருந்தேன். அவ்வளவுதான். இந்த முறை நிஜமாகவே முடித்திருந்தார்.

நான் முழிப்பதைப் பார்த்து விளக்கினார். அந்தக் காலத்து ஐ.பி.எம். 3270 டெர்மினலில் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. திரை முழுக்கக் கட்டங்கள். அடிக்கலாம், அழிக்கலாம், பாதியில் விட்டுவிட்டு மத்தியான சாப்பாட்டுக்குப் போய் வரலாம். எண்டரைத் தட்டுகிற வரைக்கும் அந்தப் பக்கம் இருக்கிற பெரிய கம்ப்யூட்டருக்கு நீங்கள் ஒருவர் உட்கார்ந்திருப்பதே தெரியாது. தட்டினால் அடித்ததெல்லாம் ஒரே கட்டாகப் போகும். 1992-இல் எஸ்.ஏ.பி. ஆர்-3 வந்து திரைக்குக் கலரும் மௌஸும் வந்த பிறகும் அஸ்திவாரம் அதுதான்: திரை காட்டுவதற்கு முன் ஒரு வேலை, ஆள் எண்டரைத் தட்டிய பிறகு ஒரு வேலை. நடுவில் ஆள் என்ன செய்கிறான் என்று கம்ப்யூட்டர் எட்டிப் பார்க்காது. "முடித்தாயா என்று நாங்கள் யூகித்ததில்லை," என்றார் பெரியவர். "அவனே சொல்வான்."

எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஆளைக் கேட்காமல் அவர் மனசைக் கண்டுபிடித்துச் சேவை செய்கிறோம் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்கிறோமே, பாதி இடத்தில் அது அவர் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்குகிற அதிகப்பிரசங்கித்தனம்தான். பெயரில் நாலு எழுத்து அடிப்பதற்குள் "இந்தப் பெயர் சரியில்லை" என்று சிவப்பில் கத்துகிற படிவங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சில நான் செய்தவை.

அன்று ராத்திரியே தானே சேமிக்கிற வித்தையையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, அடியில் பெரிதாக ஒரு பட்டன் வைத்தேன். பச்சை நிறம். அதில் "முடிந்தது" என்று எழுதினேன். மனைவிக்கும் மகளுக்கும் சம்மதம். அத்தை மட்டும் லிஸ்டை முழுக்க அடித்து, பட்டனுக்கு மேலே விரலை நிறுத்தி, அப்படியே இறக்கிக்கொண்டார்.

"என்ன அத்தை?"

"சாமான் லிஸ்ட்லே போய் முடிஞ்சதுன்னு எப்படி மாப்பிள்ளை?"

எனக்கு உறைத்தது. விளக்கை அணைத்தேன் என்று சொல்லாமல் மலையேற்றினேன் என்று சொல்கிறவர். உப்பு இல்லை என்று சொல்லாமல் உப்பு வாங்கணும் என்கிறவர். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு "போறேன்" என்று சொன்ன மருமகனை நிறுத்தி, "போயிட்டு வரேன்னு சொல்லுங்கோ" என்று திருத்தினவர். அவர் கையால் அரிசியும் பருப்பும் முடிந்தது என்று ஒப்புதல் வாங்க நான் பட்டன் வைத்திருக்கிறேன்.

"சேமி" என்று மாற்றினேன். "சேமிக்க என்ன இருக்கு, செலவுதானே ஆகப்போறது?" "அனுப்பு" என்றேன். "யாருக்கு? நீங்க இங்கேயே உட்கார்ந்திருக்கீங்களே." "சரி" என்றேன். அது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. கடைக்காரனிடம் பேசுவது மாதிரி இருக்கிறதாம். கடைசியில் அவரே ஒரு தீர்வு சொன்னார். படம் முடிந்ததும் திரையில் போடுவார்களே, அது. பிள்ளையார் சுழியில் ஆரம்பித்ததை அப்படித்தான் மங்களமாக நிறுத்த வேண்டும்.

ஆகவே ஐரோப்பாவின் மென்பொருள் தலைநகரத்தில் என் வீட்டு மளிகைப் படிவத்தின் அடியில் "சுபம்" என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால்தான் லிஸ்ட் எனக்கு வரும். "உ" என்கிற முதல் வரியை மட்டும் சாமானாக எண்ணாதே என்று ப்ரோக்ராமில் தனியாக ஒரு விதி எழுதியிருக்கிறேன். அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

போன சனிக்கிழமை முதல் தடவையாக எல்லாம் ஒழுங்காக வந்தது. ஒவ்வொரு சாமானும் முழுப் பேரோடு, ஒரே ஒரு முறை. கத்தரி இல்லை, பரு இல்லை. அடியில் சுபம். வெற்றி வீரனைப் போலத் தள்ளுவண்டியை நிரப்பிக்கொண்டு பில் போடுகிற வரிசைக்கு வந்தேன். ஜெர்மன் சூப்பர்மார்க்கெட்டில் பில் போடுகிற அம்மாக்களின் கை வேகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாயவரம் ஹையரெல்லாம் அங்கே லோயர். கத்தரிக்காய் ஒரு பக்கம், தயிர் ஒரு பக்கம் என்று பறந்து வருகின்றன, நான் பையில் திணிக்கிறேன், பின்னால் வரிசை சேர்கிறது. சட்டைப் பையில் போன் "டிங்" என்றது.

எடுத்துப் பார்த்தேன். படிவம் இல்லை, குடும்ப வாட்ஸ்அப் குழு. அத்தையிடமிருந்து ஒரே சொல்: "கொத்தமல்லி". ஓடிப்போய் ஒரு கட்டு எடுத்து வந்தேன். பின்னால் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி "டிங்". "எலுமிச்சை நாலு". பின்னால் இருந்தவருக்குப் பின்னால் இருந்தவரும் பார்த்தார். எலுமிச்சையோடு மூச்சு வாங்க வந்து நின்றேன். பில் போடுகிற அம்மாள் கையை நிறுத்திவிட்டு, சிரித்த முகத்தோடுதான் கேட்டாள்: "அவ்வளவுதானா?"

நான் போனைப் பார்த்தேன். மேலே சின்ன எழுத்தில், "அத்தை டைப் செய்கிறார்..."